சுழல மறுக்கும் எஞ்சின்

லாரியின் டீசல் எஞ்சின் சுழன்றும் ஸ்டார்ட் ஆகாதிருப்பதும், சுழலவே மறுப்பதும் வெவ்வேறு கோளாறுகள்; முன்னதில் டீசல் வரத்தையும் அதில் புகுந்த காற்றையும், பின்னதில் மின்சாரத்தையும் எஞ்சினின் உள் இறுக்கத்தையும் ஆராய வேண்டும்.

கனரக லாரிகளில் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. ஓய்வில் சுமார் 25 வோல்ட் காட்டுபவை, சாவியைத் திருப்பியதும் 19 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், அவை வலுவிழந்துவிட்டன என்றோ, எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் அளவுமீறி மின்னோட்டத்தை இழுக்கிறது என்றோ கொள்ளலாம். மின்னழுத்தம் சரியாமல் 'டக்' என்ற ஓசை மட்டும் எழுந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டின் தொடுமுனைகளோ, சேசிஸோடு இணையும் எர்த் ஒயரோ பழுதுபட்டிருக்கக்கூடும்.

இவை சீராக இருந்தும் சுழலாவிடில், பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, முதன்மைச் சுழல்தண்டான கிராங்கைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் முட்டி நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். திரவம் காற்றைப்போல் அழுந்தாது என்பதால், அந்நிலையில் செல்ஃபை இயக்குவது கனெக்டிங் ராடை வளைத்துவிடக்கூடும். அளந்து பாராமல் பாகங்களை மாற்றும் வழக்கம் செலவைக் கூட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது.