எதையும் திறவாத சாவிகள்

அண்மையில் ஒரு மாலை வேளையில், பூட்டுக்கடை ஒன்றைப் பற்றிய சிறு ஆவணப்படத்தை எங்கள் இல்லத்தில் அனைவரும் அமர்ந்து கண்டோம். நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டனில், ஏழாம் அவென்யூவின் தென்பகுதியில் உள்ளது அக்கடை. பெயர் கிரீனிச் லாக்ஸ்மித்ஸ். பரப்பு ஏறத்தாழ 125 சதுர அடி. 1910களில் பழைய குடியிருப்புகளை ஊடறுத்து அச்சாலையை அமைத்தபோது, இருபுறமும் துண்டு நிலங்கள் பல எஞ்சின. அத்தகைய துண்டு ஒன்றில் நிற்கும் கடை அது.

உரிமையாளர் பிலிப் மார்ட்டிலாரோ எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பூட்டுத் தொழிலுக்கு வந்தவர். 1980இல் இக்கடையை வாங்கினார். பூட்டின் நுட்பம் மயிரிழை அளவில் உள்ளது. 1860களில் லைனஸ் யேல் செம்மைப்படுத்திய பூட்டினுள் சிறு ஊசிகள் வரிசையாய் நிற்கும். சாவியின் வெட்டுகள் அவற்றை ஒரே கோட்டுக்கு உயர்த்தினால்தான் உள்ளிருக்கும் உருளை சுழலும். ஒரு வெட்டு சற்றே பிழைத்தாலும் கதவு திறவாது. அந்தச் சாவி வெறும் பித்தளைத் துண்டாகிவிடும்.

அப்படிப் பயனற்றுப்போன சாவிகளை அவர் எறிந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கில் சேர்த்து, கடையின் முகப்புச் சுவர் முழுவதும் சுழல் சுழலாகப் பதித்தார். வின்சென்ட் வான்கோ 1889இல் தீட்டிய விண்மீன் இரவின் சுழல்களை அவை நினைவூட்டுகின்றன. அந்த ஓவியமும் அதே நகரின் நவீனக் கலைக்கூடத்தில்தான் உள்ளது. எக்கதவையும் திறக்க இயலாத சாவிகள், விரைந்து செல்வோரை ஒரு கணம் நிறுத்திவிடுகின்றன.

படம் முடிந்த பின்னும் எங்களில் எவரும் எழவில்லை. எங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும் சாவிக்கொத்தை எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம் போலும்.

அது எங்கள் அம்மாவின் கொத்து. நாற்பது ஆண்டுகள் அவர் இடுப்பில் இருந்தது. நெற்குதிர், பீரோ, தகரப்பெட்டி என எல்லாம் அவர் கைப்பட்டே திறந்தன. முதுமையில் அவருக்கு நினைவு தடுமாறியது. சாவியை எங்கோ வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஒருநாள் பொறுமையிழந்து, "இனி உங்களுக்கு எதற்கம்மா இது?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம். அவர் மறுக்கவில்லை. ஆனால் மறையும் நாள்வரை அவர் கை அடிக்கடி இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பழைய வீட்டை விற்றபோது பீரோவும் பெட்டியும் போயின. அன்றே அந்தச் சாவிகளுக்கு வேலை முடிந்துவிட்டது. பூட்டே இல்லாத சாவிகளை அவரிடமே விட்டிருந்தால் நாங்கள் இழந்திருக்கக்கூடியது என்ன? அவர் இழந்ததோ, இவ்வீட்டில் தமக்கு இருந்த இடத்தை. தேடும் தொல்லையை மட்டுமே அன்று நாங்கள் கண்டோம்.

பயன் முடிந்ததற்கும் ஓர் இடம் உண்டு என்பதை, எங்கோ ஒரு சந்தியில் நிற்கும் சிறு கடையின் சுவர் எங்களுக்குக் கற்பித்தது. காலம் கடந்த பின் கற்பித்தது. உங்கள் இல்லத்தில் எவரேனும் ஒரு சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தால், அது எதைத் திறக்கும் என்று கேளாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.