பொடியள்

யாழ்ப்பாணத் தமிழில் 'பொடியன்' என்றால் சிறுவன், பன்மையில் 'பொடியள்'. 1980களில் இச்சொல் ஆயுதமேந்திய இயக்கத்தவரைச் சுட்டத் தொடங்கியது. ஊரார் வாஞ்சையோடு சொன்னதுதான். காரியவட்டம் வளாகத்தில் உடன் ஆய்வு செய்யும் மலையாள நண்பரிடம் இதைப் பொருள் விரிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறியபோது அவர் கேட்டார்: "அந்தப் பொடியள் நடுவே உண்மையிலேயே ஒரு பொடியன் இருந்தால் அவனை எந்தச் சொல்லால் பிரித்துக் காட்டுவீர்கள்?"

அப்படியொரு சொல் வழக்கில் இல்லை.

உண்மையான பொடியன்களோ இருந்தார்கள், சிறுமிகளும் இருந்தார்கள். 1998இல் வன்னிக்கு வந்த ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம், பதினேழு வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதில்லை என்று விடுதலைப் புலிகள் வாக்களித்தனர். ஆனால் 2003 முதல் 2008 இறுதிவரை மட்டும் யுனிசெஃப் பதிவுசெய்த சிறார் சேர்ப்புகள் 6,000க்கும் அதிகம். சேர்ந்த பிள்ளைக்கு முதலில் போவது பெற்றோர் இட்ட பெயர். அதனிடத்தில் ஓர் இயக்கப் பெயர் வரும். பிறகு கழுத்தில் 'குப்பி'. நமக்கு அது சிறு புட்டி; அங்கே சயனைடு. தாயத்துக் கட்டும் கழுத்தில் அதைக் கட்டினார்கள்.

போரின் இறுதி ஆண்டுகளில் வன்னி மக்கள் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் 'பிள்ளைபிடி' என்றே பெயரிட்டனர். சோறுண்ண மறுக்கும் குழந்தையை மிரட்டப் பயன்பட்ட பழைய சொல். இங்கே திருவனந்தபுரத்து அம்மாக்களிடமும் அந்த மிரட்டல் உண்டு. 'பொடியள்' மறைத்த வயதை இச்சொல் வெளியே இழுத்துப் போட்டது. துறைசார் அறிக்கைகள் பலவற்றைக் காட்டிலும் துல்லியமான சொல் என்பேன்.

எதிர்த்தரப்பின் சொல்லும் தூய்மையானதன்று. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டு வீசியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பயிற்சி பெற்றுவந்த போராளிகள் என்றது அரசு. பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். 'சிறார் போராளி' என்ற, குழந்தையைக் காக்கப் பிறந்த கலைச்சொல் அன்று குண்டுக்கு நியாயமாக நின்றது.

நாம் மட்டும் என்ன? புறநானூற்று 279ஆம் பாடலை நெஞ்சு நிமிர்த்தித்தானே கற்பிக்கிறோம்? தந்தையையும் கணவனையும் அடுத்தடுத்துப் போரில் இழந்தவள், மறுநாள் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். துறை மூதின்முல்லை எனக் குறித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஒக்கூர் மாசாத்தியார் மகனின் வயதைச் சொல்லவில்லை; எண்ணெயைச் சொல்லியிருக்கிறார். தாய் தலைவாரிவிடும் பருவம். வியப்போடு ஒரு கலக்கமும் அப்பாட்டில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தேர்வுத் தாளில் அதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா, தெரியாது.

அந்தக் கலக்கத்தை நம் காலத்தில் உரக்கச் சொன்ன நாவல் 'கொரில்லா'. பதின்வயதில் இயக்கத்தில் சேர்ந்து வெளியேறிய ஷோபாசக்தி 2001இல் எழுதியது. ஈழத்துப் பேச்சுமொழியின் ஆய்வாளர்கள் அதைச் சொற்களுக்காக மட்டும் வாசிப்பது போதாது.

2009இல் போர் முடிந்தபோது அரசின் பொறுப்பில் வந்த சிறார் 594 பேர். பன்னிரண்டு வயதினரும் அவர்களில் உண்டு. ஆவணங்களில் அவர்களுக்கு 'முன்னாள் போராளி' என்று பெயர். பலர் கொழும்புக்கு அருகே ரத்மலானை இந்துக் கல்லூரியில் சேர்க்கப்பட்டு, விட்ட பாடத்தைத் தொடர்ந்து தேர்வெழுதினர். விடைத்தாளில் வீட்டுப் பெயரை எழுதியிருப்பார்கள்.