கூரையில்லாத கோயில்

இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரத்தின் பழைய தேவாலயத்துக்குள் சென்று அண்ணாந்து பார்த்தோம். கூரைக்குப் பதில் ஆகாயந்தான் தெரிந்தது! 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் பொழிந்த குண்டு மாரியில் எரிந்துபோன கோயில் இது. ஊரில் ஐந்நூறு பேருக்குமேல் மாண்டனர்.

ஆறு வாரத்துக்குள் கிறிஸ்துமஸ் வந்தது. உற்றாரைப் புதைத்த மண் காயுமுன் பண்டிகையா? ஆயினும், அன்று இந்த இடிபாடுகளிலிருந்தே தேவாலயத் தலைவர் ஹோவர்டு ரேடியோவில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை மனத்தினின்று விரட்ட முயல்கிறோம் என்றார்.

பின்னர், பிதாவிடம் மன்னிப்பு வேண்டும் இரண்டே சொற்களைப் பீடத்தின் பின்சுவரில் பொறிக்கச் செய்தார். அவற்றில் ‘அவர்களை’ என்ற சொல் இல்லை. குண்டு போட்டவனுக்கு மட்டுமா, பட்டவனுக்குந்தான் மன்னிப்பு வேண்டியிருக்கிறது! மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் திருநாளுக்கு இதைவிடச் சிறந்த பிரசங்கம் ஏது?