மூச்சு நிற்கிற இடம்

கிளிநொச்சி
2.2.2025, ஞாயிறு

மெஷினோடு மூன்றாம் இரவு. என் மனுசன் குறட்டை விட்டால் நல்ல நித்திரை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். கொழும்பில் ஓரிரவு வயர்கள் பூட்டிப் பார்த்தார்கள். மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். 30 என்றாலே கடுமை. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. மூளை பதறி எழுப்புகிறது. விடிந்தால் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. மெஷின் காற்றை ஊதி அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். பூட்டாத இரவில் வருத்தம் திரும்பவும் வந்துவிடும்.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இரவில் சத்தம் கேட்டால் பயம். பிறகு குறட்டை நின்றால் பயம். விரல் மடித்து எண்ணுவேன். இருபது தாண்டினால் தோளில் தட்டுவேன்.

5.2.2025, புதன்

மாஸ்க்கின் ஓரத்தால் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. பட்டியை இறுக்கினோம், மூக்குத்தண்டு சிவந்ததுதான் மிச்சம். மீசைதான் இடைஞ்சல் என்று பிடிபட்டது. காலையில் கிணற்றடியில் நின்று வழித்துவிட்டு வந்தார். முப்பது வருஷ மீசை. நான் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கிணற்றுத் தண்ணி கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. காற்றை ஈரப்படுத்த மெஷினுக்குள் ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான்.

9.2.2025, ஞாயிறு

பகல் பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். இரவுக்கு வராவிட்டால்? மல்லாந்து படுத்தால்தான் மூச்சு கூட அடைக்கும். மகனின் ரெனிஸ் பந்தை பெனியனின் முதுகுப் பக்கம் பொக்கற் வைத்துத் தைத்தேன். புரண்டால் உறுத்தி, ஒருக்களிக்க வைக்கும். படுக்கைக்கு முன் கரண்ட் வந்துவிட்டது. பெனியனை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

14.2.2025, வெள்ளி

காலையில் மெஷின் காட்டிய எண், மணித்தியாலத்துக்கு 4. ஐந்துக்குக் கீழே என்றால் சாதாரண ஆட்களின் கணக்கு. மத்தியானம் கதிரையில் இருந்தபடி தூங்கி விழவில்லை. இரணைமடுப் பக்கம் வெட்டு நடக்கிறது, நெல் ஏற்றக் கூப்பிடுகிறார்கள். "இனி லொறி எடுக்கலாம்தானே?" என்றார்.

போன வருஷம் மாங்குளம் தாண்டி ஏ9 றோட்டில் கண் சொருகி, லொறி கிரவலில் இறங்கிய நாள் எனக்கு மறக்காது. பகல் தூக்கம் முழுதாக விட்டுப் போகும்வரை ஓடக்கூடாது என்பது டொக்டரின் சொல்.

நேற்றிரவு நான் எண்ணவில்லை. மெஷினின் மெல்லிய இரைச்சலோடு நானும் விடியும்வரை படுத்தேன். திங்கள் கிளினிக். அதுவரை லொறித் திறப்பு என் அலுமாரியில்தான்.