எவ்வளவு நேரம், எதைச் செய்தால்?

செவ்வாய், இரவுப் பணி

விடிகாலையில் தலைச்சுற்றலும் வாந்தியுமாக ஓர் அம்மாவை ஆட்டோவிலிருந்து தாங்கிக் கூட்டி வந்தார்கள். கண்ணை இறுக மூடி மகனின் சட்டையைப் பிடித்திருந்தார். "பிரஷராத்தான் இருக்கும் டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்துருங்க" என்றார் மகன். பிரஷர் 150/90. வாந்தியும் பயமும் சேர்ந்தால் யாருக்கும் அவ்வளவு ஏறும்.

எப்படிச் சுற்றுகிறது என்று நான் துருவுவதில்லை. ஒரே ஆள் கிறுகிறுப்பு என்பார், மயக்கம் என்பார், தள்ளாட்டம் என்பார். எவ்வளவு நேரம், எதைச் செய்தால் வருகிறது? இவை இரண்டும்தான் வேண்டும். "பொரண்டு படுத்தா கூரையே சுத்துது கண்ணு. அசையாமக் கெடந்தா ஒரு நிமிசத்துல நின்னுருது." பாதி வேலை முடிந்தது.

தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிச் சட்டென்று மல்லாத்தி, கட்டில் விளிம்புக்குக் கீழே தலை சற்றுத் தொங்கும்படி பிடித்தேன். சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு விழிகள் மேல்நோக்கித் துடித்தபடி, கீழிருந்த காதின் பக்கமாகச் சுழன்றன. அம்மா என் கையைக் கிள்ளிவிட்டார். அரை நிமிடத்துக்குள் அடங்கியது. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து பின்புற அரைவட்டக் குழாயில் புகுந்திருக்கின்றன. இந்தச் சோதனையை 1952-இல் டிக்ஸும் ஹால்பைக்கும் எழுதினார்கள். துகள்களை உருட்டி வெளியேற்றும் முறையை ஜான் எப்லி 1992-இல் வெளியிட்டார். அதற்கு முன் பல வருடம் சக மருத்துவர்களே அவரை நம்பவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு இன்னும் புரட்டி, உட்காரவைத்தேன். ஸ்கேனும் இல்லை, ஊசியும் இல்லை. அம்மா நடந்து போனார். மகனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

வியாழன்

ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. மதியத்திலிருந்து ஓயாத சுற்றல். கையில் வெளியே எடுத்த சி.டி. படம். "நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று மனைவி நிம்மதியாகச் சொன்னார். ரத்தக்கசிவு சி.டி.யில் தெரியும், சிறுமூளையில் புதிதாக விழுந்த அடைப்பு பெரும்பாலும் தெரியாது.

இடப்பக்கம் பார்த்தால் விழி இடப்பக்கம் துடித்தது, வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம். என் மூக்கையே பார்க்கச் சொல்லித் தலையைச் சட்டென்று திருப்பினேன். பார்வை மூக்கைவிட்டு நகரவில்லை. "நல்லாத்தானே இருக்கு மேடம்?" என்றார் ஹவுஸ் சர்ஜன். இங்கே கணக்கு தலைகீழ். காது நரம்பு பழுதென்றால் பார்வை வழுக்கிப்போய், பிறகு துள்ளித் திரும்பும். விழி துடிக்க ஓயாமல் சுற்றுகிறவருக்கு இது ஒழுங்காக இருந்தால் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அம்மாவைப் போல விட்டுவிட்டு வருகிறவர்களிடம் இதைச் செய்யக்கூடாது. வீண் பீதிதான் மிஞ்சும்.

கட்டிலைப் பிடிக்காமல் அவரால் உட்காரவே முடியவில்லை. பக்கவாதக் குழுவை அழைத்தேன். எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையின் கீழ்ப்பகுதியில் அடைப்பு. படம் சுத்தமாக வந்திருந்தாலும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். முதல் 48 மணி நேரத்தில் எம்.ஆர்.ஐ.யும் சில சமயம் ஏமாற்றும். இனி வீக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சனி

பள்ளி ஆசிரியர். ஓயாத சுற்றல்தான், ஆனால் துடிப்பு ஒரே திசையில்; தலையைத் திருப்பியதும் பார்வை வழுக்கித் துள்ளியது. காது கேட்பதில் குறையில்லை, நடக்கிறார். சமநிலை நரம்பின் அழற்சி. "தலைசுத்தலுக்கு ஸ்டெமெட்டில் மாத்திரை ஒரு மாசத்துக்கு எழுதித் தாங்க" என்றார். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், மூளை தானாகப் பழகுவதை அது தள்ளிப்போடும், எழுந்து நடங்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டே, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த முழு அட்டையைப் பையில் பத்திரப்படுத்தினார்.