கச்சானில் இறங்குவது

ஜூலை 6, ஓட்டமாவடி

சுபஹுத் தொழுது வரும்போதே கச்சான் பிடித்துவிட்டது. பாலத்தடியில் தோணிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்குகையில் சூடேறி வறண்டு வருகிற காற்று. சீராக அடிக்காது, ஓய்ந்து ஓய்ந்து அறையும்.

ரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் மருமகன் வந்திருக்கிறான். இந்தக் காற்றில் எப்படி இறக்குவாய் என்று கேட்டேன். "காத்து அடிக்கிறதுக்குப் பயமில்ல மாமா, பொசுக்கெண்டு நிண்டு போறதுக்குத்தான் பயம்" என்றான். இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம்தான் விமானத்தைத் தாங்குகிறது. எதிர்க்காற்று சட்டென்று தளர்ந்தால் அந்த வேகம் குறையும். தரைக்குக் கிட்ட என்றால் சமாளிக்க உயரம் இராது. அதற்காகக் கொஞ்சம் வேகத்தைக் கைவசம் வைத்துக்கொள்கிறார்கள். காற்று 15 நொட், வீச்சு 25 என்றால் வித்தியாசம் 10. அதில் பாதி, 5 நொட் கூட்டி வருவார்கள். செஸ்னா கேரவன் என்ற சிறிய விமானம் வழக்கமாக 75 முதல் 85 நொட்டில் ஓடுபாதையை நெருங்கும்; அதன் மேல்தான் இந்தக் கூட்டல். அளவுக்கு மீறிக் கூட்டினாலும் ஆபத்துத்தான்: தரை தொடாமல் மிதந்தே பாதையை முடித்துவிடும்.

ஜூலை 8

மட்டக்களப்பில் வேலை முடிந்து, மருமகனோடு விமான நிலையப் பக்கம் போய் நின்றேன். 1983இல் விமானப்படை வசமாகி, 2018இல் மீண்டும் பொதுமக்கள் பயணத்துக்குத் திறந்த இடம். ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடப்பதால் கச்சான் பெரும்பாலும் எதிரே வரும். இன்று மேற்கே சாய்ந்திருந்தது. காற்றுப்பை விறைத்து நீண்டது, அடுத்த கணமே துவண்டது.

சிறிய விமானம் ஒன்று மூக்கை வலப்பக்கம் திருப்பியபடி வந்தது. நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் தோணியின் அணியம் மேற்பக்கம் பார்க்குமே, அதே கணக்கு. ஓடுபாதைக்கு மேல் ஆட்டம் கண்டது. இறங்கவில்லை, இரைச்சலோடு ஏறிப் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர் "ஓட்டுறவர் புதுசு போல" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சரிவராது என்று தெரிந்ததும் ஏறிப் போகிறவரை நம்பித்தான் என் பிள்ளைகளை ஏற்றிவிடுவேன் என்று அவரிடமே சொன்னேன்.

சுற்றி வந்தது. தரைக்கு மேலே மூக்கு நேரானது, வல இறக்கை தாழ்ந்தது, வலச் சில்லு முதலில் தொட்டது, பிறகு இடது, கடைசியாக முன்சில்லு. தொட்டதோடு வேலை முடியவில்லையாம். நிற்கும்வரை காற்றுப் பக்கத்து இறக்கையை அமர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் முறையும் சரிவராவிட்டால்? வரும் வழியில் கேட்டேன்.

"சீனக்குடா விமான நிலையத்துக்குப் போகலாம் மாமா. அதுக்கு எண்ணெய் காணுமா எண்டு புறப்படுறதுக்கு முன்னயே பாத்திருக்கணும்."