பழுதாவது கணனி, அழிவது எழுத்து

"கணனி பழுதாகிவிட்டது" என்று கூறுவோர் எல்லோரும் ஒரே பொருளில் அதனைக் கூறுவதில்லை. ஒருவருக்குத் திரை கறுத்துப் போயிருக்கும். இன்னொருவருக்கு அச்சுப்பொறி கடதாசியை இழுக்க மறுத்திருக்கும். மற்றொருவருக்கு நேற்றுவரை திறந்த இணையப் பக்கம் இன்று திறவாதிருக்கும். நோய்கள் வேறாயினும் அவர்கள் நாடும் பரிகாரம் பெரும்பாலும் ஒன்றேதான்: கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. அதில் தவறில்லை. ஆனால், கொடுப்பதற்கு முன்னர் செய்யவேண்டிய காரியங்கள் சில உள. அவற்றைச் செய்யாமையால், கணனியைத் திரும்பப் பெற்று, அதற்குள் இருந்த தம் எழுத்தையும் கணக்கையும் புகைப்படங்களையும் இழந்தோர் பலர்.

நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோத்த காலத்திலே பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். காரியாலயத்துக்குள் கணனி நுழைந்த நாள்முதல் அதனோடு மல்லாடியவன் என்பதொன்றே என் தகுதி. உறவினர், நண்பர், சிறு அலுவலகம் நடத்துவோர் எனப் பலரும் தொலைபேசியில் அழைத்து முறையிடுவர். அவர்களிடம் நான் கேட்பவை, இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கேள்விகளே. என்ன நடந்தது? எப்போது நடந்தது? எங்கெல்லாம் நடந்தது? அதற்குச் சற்று முன்னர் எது மாறியது?

கடைசிக் கேள்விக்கே பயன் அதிகம். "ஒன்றும் மாறவில்லை" என்பதே எல்லோரதும் முதல் விடை. சற்றுப் பொறுத்துக் கேட்டால், முதல்நாள் மாலை இடி முழங்கியது வெளிவரும். மேசையைத் துடைப்பதற்காகக் கம்பிகளைக் கழற்றி மாட்டியது வெளிவரும். பேரப்பிள்ளை விளையாட்டு ஒன்றை நிறுவியதும் மெல்ல வெளிவரும். செய்தியைப் போலவே பழுதுக்கும் ஒரு பின்னணி உண்டு.

"எங்கெல்லாம்?" என்ற கேள்வியும் அத்தகையதே. இணையம் வரவில்லை என்போர், அதே வீட்டிலுள்ள கைத்தொலைபேசியில் வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் வந்து கணனியில் வராவிடின் குறை கணனியில். இரண்டிலும் வராவிடின் ரூட்டரில், அல்லது இணைப்பு வழங்கும் நிறுவனத்தில். ரூட்டரின் மின் இணைப்பைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் மாட்டினால் பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். அச்சுப்பொறியும் இவ்வாறே. அச்சிட அனுப்பிய கோப்புகள் வரிசையில் நிற்கும்போது முதலாவது சிக்கிக்கொண்டால், பின்னால் உள்ளவையும் நகரமாட்டா. அவ்வரிசையை முற்றாக நீக்கிவிட்டு, அச்சுப்பொறியை அணைத்துப் போட்டாலே போதும். ஆத்திரத்தில் இருபது தடவை அச்சிடக் கட்டளை கொடுத்தவருக்கு, சிக்கல் தீர்ந்ததும் இருபது பிரதிகள் வந்து விழும்.

எங்கள் நாட்டில் முதலிற் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். மின்னலின் தாக்கம் மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் வரும். கணனியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை மறந்ததால், ரூட்டரும் அதனோடு கம்பியால் இணைந்த கணனியும் கருகிய வீடுகளைக் கண்டிருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரமின்றி இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் முழு நாடுமே இருளில் மூழ்கியது என்று பொறுப்பான அமைச்சரே கூறினார். இத்தகைய நாட்டில் யூ.பி.எஸ். ஆடம்பரப் பொருளன்று. எழுதியதைச் சேமித்து, கணனியை முறைப்படி அணைப்பதற்கான அவகாசத்தை அது தருகிறது. அதன் பற்றரியும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும் என்பதை நினைவில் வைத்திருத்தல் நன்று.

கணனி தடுமாறினால் அதனை மீள இயக்குங்கள் என்று சொன்னால் சிலர் நகைப்பர். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. நாட்கணக்கில் அணைக்கப்படாத கணனியின் நினைவகத்தில் பல மென்பொருள்களின் எச்சங்கள் சேர்ந்துவிடும். மீள இயக்கும்போது அவை துடைக்கப்படும். இங்கே ஒரு நுணுக்கம். 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதற்கொண்டு, "ஷட் டவுன்" கொடுக்கும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதி வன்தட்டிலே பத்திரப்படுத்தப்பட்டு, மறுமுறை அப்படியே எடுக்கப்படுகிறது. விரைவாகத் தொடங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே தினமும் அணைத்துப் போடுபவருக்கும் பழைய கோளாறு நீடிக்கலாம். புதிதாகத் தொடங்க வேண்டுமாயின் "ரீஸ்டார்ட்" என்பதையே தெரிவு செய்தல் வேண்டும்.

பழைய கணனிகளில் இன்னொரு வேடிக்கை. எந்த இணையத்தளத்துக்குச் சென்றாலும் "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வரும். வைரஸ் புகுந்துவிட்டதென வீட்டார் கலங்குவர். திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். கணனி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடச் செய்வது உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற சிறு பற்றரி. மேசைக் கணனிகளில் அது பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ற் பற்றரியே. அது தீர்ந்தால் திகதி தவறும். திகதி தவறினால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லுபடியற்றவையாகத் தோன்றும். சிறிய பற்றரி ஒன்றால் தீரும் நோய்க்குப் புதுக் கணனி வாங்கியவர்களும் உளர்.

வைரஸ் பற்றிய இந்த அச்சத்தை மோசடிக்காரரும் அறிவர். "உங்கள் கணனி தாக்கப்பட்டுள்ளது, உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்" என்று திரை முழுவதும் கூச்சலிடும் அறிவித்தல், லண்டனில் இருப்பவருக்கும் வரும், வெள்ளவத்தையில் இருப்பவருக்கும் வரும். மைக்ரோசொப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. அழைத்தவருக்குக் கணனியைத் திறந்துவிட்டால், அடுத்ததாக வங்கிக் கணக்கைக் கேட்பார். கூச்சலைப் பொருட்படுத்தாது கணனியை மீள இயக்குவதே தக்க மறுமொழி.

இவை யாவும் பொறுமையால் தீர்பவை. பொறுமையின்மையால் தீராத இழப்பாக முடிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது பாடசாலையின் வரலாற்றை எழுதிவந்தார். பதினொரு அத்தியாயங்கள். விரல் நடுங்கும் வயதில் எட்டு ஆண்டுகள் இருந்து, பாமினி எழுத்துருவில் தாமே தட்டச்சு செய்தவை. ஒருநாள் காலை கணனியைப் போட்டபோது கறுப்புத் திரையில் ஆங்கில வரியொன்று நின்றது. இயங்குதளத்தைக் காணவில்லை என்பது அதன் பொருள். அவருடைய மருமகன் அதனை நகரிலுள்ள கடையொன்றுக்குக் கொண்டு சென்றார். மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மாஸ்ரர் என்னை அழைத்தார்.

"தம்பி, கொம்பியூட்டர் இப்ப நல்லா வேலை செய்யுது. ஆனா நான் எழுதினது ஒண்டையும் காணேல்லை."

"மாஸ்ரர், கொண்டுபோக முதல் கணனியிலை ஏதாவது கொழுவி இருந்ததோ?" என்று கேட்டேன்.

சிறிது யோசித்தார். "பெறாமகன் பாட்டுக் கேக்கிற பென் ட்ரைவ் பின்னாலை இருந்தது."

பெரும்பாலும் அதுவே காரணமாக இருந்திருக்கும். சில கணனிகள் தொடங்கும்போது வன்தட்டை விட்டு, செருகியிருக்கும் பென் ட்ரைவிலே இயங்குதளத்தைத் தேடும். அதில் இராதபடியால் "காணவில்லை" என்று கூறி நின்றுவிடும். பென் ட்ரைவைக் கழற்றிவிட்டு மீள இயக்கியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கடையிலோ வன்தட்டு முழுவதையும் போர்மட் செய்து, விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தார்கள். வேலை செய்த இளைஞரை நான் குறை கூறமாட்டேன். "திருத்தித் தாருங்கள்" என்றார்கள்; திருத்திக் கொடுத்தார். உள்ளே எட்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது என்று அவரிடம் எவரும் கூறவில்லை.

நீக்கிய கோப்பு உடனே அழிந்துவிடுவதில்லை. பழைய வகை வன்தட்டில் "இவ்விடம் வெறுமை" என்ற குறிப்பு மட்டுமே முதலில் இடப்படும். புதிய தரவு அதன்மேல் எழுதப்படும்வரை பழையதை மீட்க வழியுண்டு. ஆகவே கோப்பைக் காணவில்லை என்றறிந்ததும் கணனியை அணைத்து, வேறொன்றும் எழுதாது விடுதல் வேண்டும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களில் அந்த வாய்ப்பும் குறைவு. நீக்கிய இடத்தை அவை தாமாகவே விரைவில் துடைத்துவிடும். மாஸ்ரரின் கணனியில் இருந்தது பழைய வன்தட்டுத்தான். எனினும் விண்டோஸ் புதிதாக எழுதப்பட்டு, ஒரு வாரம் பாவனையிலும் இருந்துவிட்டது. கிடைத்தவை தலையும் வாலுமற்ற துண்டுகளே.

நான்கு அத்தியாயங்கள் மாத்திரம் தப்பின. கனடாவிலுள்ள மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மகளோ, "அப்பா அனுப்பின பைல் அப்பவே பழுது. வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கிடந்தது" என்றார். நல்லவேளை, அழிக்கவில்லை. பழுது கோப்பில் இருக்கவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்துக்களே தோன்றும். எழுத்துருவை நிறுவியதும் தந்தையின் தமிழ் அப்படியே மகளின் திரையில் வந்தது. பின்னர் எழுத்துரு மாற்றி ஒன்றின்மூலம் அவற்றை யூனிகோடுக்கு மாற்றினோம். 1991இல் வெளியான யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதில் எழுதியது எந்த நாட்டுக் கணனியிலும் தமிழாகவே தெரியும். எங்கள் நாட்டில் எத்தனையோ சங்கங்களின் அறிக்கைகளும் மலர்களும் இன்றும் பாமினியிலேயே தூங்குகின்றன. அவற்றை "பழுது" என்று எறிந்துவிடாதீர்கள்.

மற்றைய ஏழு அத்தியாயங்கள் போயின. அவற்றுள் ஒன்று, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு அப்பாடசாலையில் மாலைநேர வகுப்புகள் நடத்தப்பட்டதைப் பற்றியது. வந்த பிள்ளைகளின் பெயர்களையும் அதில் எழுதியிருந்தாராம். "திருப்பி எழுதலாம் தம்பி, ஆனா பெயர்கள் நினைவிலை இல்லை" என்றார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இழந்தவற்றை இன்றும் எண்ணிக் கலங்குபவர்கள் நாம். எரிப்பதற்கு எவரும் வராமலே, ஒரு பென் ட்ரைவின் பொருட்டும் நம் ஏடுகள் அழிகின்றன என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஈய எழுத்துக் காலத்தில், கோத்த பக்கம் கைதவறி விழுந்தால் எழுத்துக்கள் நிலமெங்கும் சிதறும். அச்சுக்கோப்பாளர் தலையில் கைவைப்பார். ஆயினும் கையெழுத்துப் பிரதி மேசையில் இருக்கும், மீண்டும் கோப்பார். கணனியிலே கையெழுத்துப் பிரதியும் கோத்த பக்கமும் ஒன்றாகிவிட்டன. அதனாலேயே இரண்டாவது பிரதியை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு எளிய விதியொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணனியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. இணையச் சேமிப்பு மட்டும் போதும் என்று இருந்துவிடலாகாது. தானாக ஒத்திசையும் கோப்புறையில், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். எடுத்த பிரதியை மாதமொருமுறை திறந்து பார்த்தலும் அவசியம். திறவாத பிரதி இருந்தும் இல்லாததே.

வன்தட்டு "டக், டக்" என்று ஓசையெழுப்பினால் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி வேறு கணனியில் மாட்டினால் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்து, கடதாசியில் எழுதி வையுங்கள்.

கணனி மேசையில் ஒரு சிறு குறிப்பேடும் இருக்கட்டும். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணனியில் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருந்ததைக் கண்டவர்கள், அதனைக் குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதி, பூச்சியையும் ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பூச்சியை ஒட்டவேண்டியதில்லை. பழுது வந்த திகதி, திரையில் தோன்றிய வாசகம், அதற்குமுன் செய்த மாற்றம், இவற்றை எழுதினால் போதும். திருத்துபவருக்கு அதுவே அரைவாசி வேலை.

அவ்வாறு எழுதிய தாளைக் கணனியுடன் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அதன் அடியில் பெரிய எழுத்தில் இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: "உள்ளே முக்கியமான கோப்புகள் உள்ளன. என்னைக் கேளாமல் போர்மட் செய்யவேண்டாம்."